பழைய மொறிஸ் மைனர் கார் வன்னி வெயிலில் கொதிக்காமல் ஓட

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்தியதும் பொனற்றுக்குள் ஆவி சீறினால் உடனே மின்விசிறி வாங்க ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் கிணறுகளில் பெரும்பாலும் கல்லுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் எஞ்சின் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படிகிறது, குழாய் அடைபட்ட பிறகு எவ்வளவு காற்று அடித்தும் பயனில்லை.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறியதும் றேடியேற்றரின் அடியிலும் எஞ்சின் பிளாக்கிலும் இருக்கும் வடிதிருகுகளைத் திறவுங்கள். பிளாக்கில் ஒன்றுமே வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தி விட வேண்டும். அப்புறம் றேடியேற்றரைக் கழற்றி, கீழ் வாயால் தண்ணீர் விட்டு மேல் வாயால் வெளியேறக் கழுவுங்கள். செட்டைகளுக்கிடையே சிக்கிய உமியையும் பூச்சியையும் பின்பக்கமிருந்து மெல்ல ஊதி எடுங்கள். அப்படியும் தண்ணீர் தாராளமாக ஓடவில்லையென்றால் குழாய் ஒரு வரிசை கூடிய புதுக் கோர் (றேடியேற்றரின் உள்குழாய்த் தொகுதி) போடுவதுதான் சரி. காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

சூடானதும் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடாக நேரமெடுக்கும், தேய்மானமும் கூடும். 74 பாகையில் திறப்பதை வாங்கி, சட்டியில் தண்ணீர் சூடாக்கிப் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். காரோடு வந்த அழுத்தத்துக்கே புது மூடி போடுங்கள், கூடிய அழுத்தம் பழைய கோரைப் பிளந்துவிடும். மைனரில் வெப்பமானி வருவதில்லை, ஒன்று பூட்டிக்கொள்ளுங்கள்.

இனி விசிறி. பழைய மைனரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியில் (இரும்பு உடலில்) பூட்டியிருக்கும், அதனால் விசிறியின் சிவப்பு வயர் பொடிக்கும் கறுப்பு வயர் ரிலேக்கும் (விசிறிக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்ச்) போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கிச் சுற்றும். கிறில் முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே இழுபட வேண்டும். பற்றறியிலிருந்து வரும் வயரில் பியூஸ் கட்டாயம். டைனமோ தருவதே அதிகபட்சம் 22 அம்பியர் அளவுதான், கார் நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது அனேகமாக ஒன்றும் தராது. லைற்றையும் விசிறியையும் சேர்த்துப் போட்டால் பற்றறி இறங்கிவிடும். ஆகவே எஞ்சினின் சொந்த விசிறியைக் கழற்றாமல், மின்விசிறியை முன்னால் உதவிக்கு மட்டும் வைத்து, தேவைப்படும்போது சுவிட்சால் போடச் சொல்லுவேன்.

கடைசியாக, கூலன்ற் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி கலந்து ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். மேல் குழாய் திடீரெனச் சுட்டால் தேர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டம் இறங்கும், நிரப்புங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் ஹெட் காஸ்கட்டை (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள தகட்டை) பாருங்கள். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் என்றால் ரைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) பார்க்கத்தான் வேண்டும், மண்ணெண்ணெய்க்காக அதைப் பிந்த வைத்திருக்கலாம், பொறி பிந்தி விழுந்தாலும் எஞ்சின் கொதிக்கும்.