ரெவிட் மாடலில் இருந்து குவான்டிட்டி எடுப்பது எப்படி

ரெவிட் என்பது கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருள். அந்த மாடலில் வரைந்தது ஷெட்யூலில் (ரெவிட் தரும் அளவுப் பட்டியலில்) வரும், வரையாதது வராது, ஒரே இடத்தில் இரண்டு முறை வரைந்தது இரண்டு முறையாகவே வரும். ரெவிட்டில் மெட்டீரியல் டேக்ஆஃப், அதாவது எந்தப் பொருள் எவ்வளவு என்ற கணக்கு, எடுக்க உட்காரும் எல்லோரும் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பட்டனை அழுத்துவது ஐந்து நிமிட வேலை, அதற்கு முன் மாடலைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான வேலை.

மாடல் கைக்கு வந்ததும் மேனேஜ் டேபில் இருக்கும் வார்னிங்ஸைத் திறந்து பாருங்கள். ஒரே பொருள் ஒரே இடத்தில் இரண்டு இருக்கிறது, ஷெட்யூலில் இரட்டைக் கணக்கு விழும் என்று ரெவிட்டே அங்கே எழுதி வைத்திருக்கும். நான் ஒருமுறை அதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஒரு மாடிச் சுவர்கள் முழுக்க காப்பி பேஸ்டில் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன, வெளியே பார்த்தால் ஒரே சுவர்தான் தெரியும். செங்கல் கணக்கு அந்த மாடிக்கு மட்டும் கீழ்த்தளத்தைப் போல இரண்டு மடங்கு வந்தபிறகுதான் சந்தேகமே வந்தது.

அடுத்தது பீமும் (உத்திரம்) ஸ்லாபும் (கான்கிரீட் தளம்). 230 மி.மீ. அகலமுள்ள பீம், 4 மீட்டர் நீளம், மேலே 125 மி.மீ. ஸ்லாப் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஜாயின் ஜியோமெட்ரி கொடுத்துச் சேர்க்காமல் விட்டால் 0.23 × 0.125 × 4, அதாவது 0.115 கன மீட்டர் கான்கிரீட் பீமிலும் வரும், ஸ்லாபிலும் வரும். ஒரு பீமுக்கு இது சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு தளத்தில் இப்படி 30 பீம் இருந்தால் 3.45 கன மீட்டர் சும்மா கூடுகிறது. தூணுக்கும் ஸ்லாபுக்கும் இதே கதைதான். ஒரு செக்ஷன் வெட்டி, இரண்டும் சேரும் இடத்தில் கோடு எப்படி விழுகிறது என்று கண்ணால் பாருங்கள், எது எதை வெட்டவேண்டும் என்பதை ஸ்விட்ச் ஜாயின் ஆர்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

மெட்டீரியல் பெயர்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே எம்25 கான்கிரீட்டுக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருந்தால் மூன்று வரியாகத்தான் வரும்.

சரி, இப்போது ஷெட்யூல். வியூ டேபில் ஷெட்யூல்ஸ், அதற்குள் மெட்டீரியல் டேக்ஆஃப், கேட்டகரியில் சுவர் என்று தேர்ந்தெடுங்கள். ஃபீல்டுகளில் மெட்டீரியல் நேம், மெட்டீரியல் ஏரியா, மெட்டீரியல் வால்யூம், ஃபேமிலி அண்ட் டைப், மாடி வாரியாகப் பிரிக்க பேஸ் கன்ஸ்ட்ரெயின்ட், இவ்வளவு போதும். ஸ்லாபுக்கு இந்த மாடி ஃபீல்டு லெவல் என்றும் பீமுக்கு ரெஃபரன்ஸ் லெவல் என்றும் வரும், அதனால் ஒவ்வொரு வகைக்கும் தனி ஷெட்யூல் போடுவதுதான் நல்லது. ஸ்ட்ரக்சர் தனி ஃபைலாக லிங்க் ஆகியிருந்தால் லிங்கில் உள்ளவற்றையும் சேர்க்கச் சொல்லும் டிக் அதே ஃபீல்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, அதை மறந்தால் தூண் ஒன்றுகூட வராது. அப்புறம் சார்ட்டிங் பக்கத்தில் மெட்டீரியல் பெயர்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் தனி வரியாகக் காட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் வால்யூம் கட்டம் காலியாகிவிடும், பயப்படவேண்டாம், ஃபார்மேட்டிங் பக்கத்தில் அந்த ஃபீல்டுக்கு கால்குலேட் டோட்டல்ஸ் கொடுத்தால் கூட்டுத்தொகை வந்துவிடும். பழைய கட்டடத்தை மாற்றும் வேலை என்றால் ஃபேஸ் ஃபில்டரையும் (பழையது, புதியது, இடிப்பது என்று பிரித்துக் காட்டும் வடிகட்டி) பாருங்கள், இல்லையென்றால் இடிக்கப்போகும் சுவரும் கணக்கில் ஏறியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் ஷெட்யூலில் வந்த எண்ணை அப்படியே பி.ஓ.க்யூவில் (வேலைகளின் அளவும் விலையும் போடும் பட்டியல்) தூக்கிப் போடுகிறார்கள், அது தவறு. ரெவிட் தருவது ஜன்னல், கதவு எல்லாம் கழித்த சுத்தமான அளவு, நம் ஊரில் பில் போடுவதோ கட்டட வேலையை அளவெடுக்கும் இந்தியத் தரவிதியான ஐஎஸ் 1200 படி. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவர், அதில் 1.2 × 1.5 மீட்டர் ஜன்னல். இரண்டு பக்கப் பூச்சும் சுவரின் லேயராக இருந்தால் ரெவிட் 20.4 சதுர மீட்டர் காட்டும். ஐஎஸ் 1200 படி 0.5 சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்கவேண்டும், ஜன்னலின் உள்பக்கவாட்டுப் பூச்சைத் தனியாகச் சேர்ப்பதில்லை, ஆக 22.2 சதுர மீட்டர். ஒரு ஜன்னலுக்கு 1.8 என்றால் 60 ஜன்னலுக்கு 108 சதுர மீட்டர், அது மேஸ்திரியின் கூலி, அவர் வயிற்றில் அடிக்கக்கூடாது. 0.5க்கு உட்பட்ட வென்டிலேட்டருக்குக் கழிவே கிடையாது. 3க்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, பக்கவாட்டைச் சேர்க்கவேண்டும். இதற்கு ஜன்னல், கதவு ஷெட்யூலைத் தனியாக எடுத்து எக்செலில் திருத்துவதுதான் நான் செய்வது.

ஷட்டரிங்குக்கு (கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை) மெட்டீரியல் ஏரியாவை நம்பவேண்டாம், பலகை படாத மேல்பரப்பும் அதில் கலந்திருக்கும். ஷட்டரிங் என்ற பெயரில் ஒரு மெட்டீரியல் உருவாக்கி, பலகை படும் முகங்களுக்கு மட்டும் ரெவிட்டின் பெயின்ட் டூலால் அதை அடித்து, டேக்ஆஃபில் ஆஸ் பெயின்ட் என்ற ஃபீல்டை வைத்து வடிகட்டினால் சரியான பரப்பு கிடைக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு. கம்பி மாடலில் இல்லையென்றால் பார் பெண்டிங் ஷெட்யூலில் (கம்பிகளின் அளவும் எண்ணிக்கையும் உள்ள பட்டியல்) இருந்துதான் எடுக்கவேண்டும்.

எதிர்த்தரப்பு ரெவிட் ஃபைல் தராமல் ஐஎஃப்சி (பல மென்பொருள்களில் திறக்கும் பொதுவான ஃபைல் வடிவம்) மட்டும் தந்தால், எக்ஸ்போர்ட் செய்யும்போது பேஸ் குவான்டிட்டீஸை (ஒவ்வொரு பொருளின் அளவுகள்) டிக் செய்து தரச் சொல்லுங்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஓடும் இலவச ஆட்-ஆன் போன்சாயில் திறந்தால் கிராஸ் வால்யூம் (திறப்புகளைக் கழிக்காதது), நெட் வால்யூம் (கழித்தது) இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

கடைசியாக, ஒரு அறையை மட்டும் எடுத்துக் கால்குலேட்டரில் கையால் போட்டுப் பாருங்கள், ஷெட்யூலோடு ஒத்துப்போனால் மட்டும் ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட், ரிப்போர்ட்ஸ் வழியாக எக்செலுக்குக் கொண்டுபோங்கள். எந்தத் தேதி மாடலில் இருந்து எடுத்தது என்பதை ஷீட்டின் முதல் வரியிலேயே எழுதி, அந்த மாடலின் காப்பியையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்த வாரம் ஆர்க்கிடெக்ட் ஒரு சுவரை நகர்த்தியிருப்பார், அப்போது பழைய எண் எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்தக் காப்பி வேண்டும்.