தொலைதூர என்ஐடி சீட்: சாய்ஸ் லாக் செய்யும் முன் போட வேண்டிய பயணக் கணக்கு

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவருக்கு ஐஐடி, என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வில் 'ஹோம் ஸ்டேட்', அதாவது சொந்த மாநில ஒதுக்கீடு என்பது திருச்சி என்ஐடி ஒன்றில்தான். மற்ற 30 என்ஐடிகளிலும் வெளிமாநில ஒதுக்கீட்டில்தான் இடம் தேட வேண்டும். திருச்சியில் விரும்பிய பிரிவு கிடைக்காது என்று தெரிந்ததும் சாய்ஸ் பட்டியல் வாரங்கல், கோழிக்கோடு, சூரத்கல் என்று தொடங்கி ஹமிர்பூர், சில்சார், அகர்தலா வரை நீளும். பல வீடுகளில் அந்தப் பட்டியலை வரிசைப்படுத்த சென்ற ஆண்டின் குளோசிங் ரேங்க் (கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க்) ஒன்றையே பார்க்கிறார்கள். ஊர் எங்கே இருக்கிறது, எப்படிப் போய் வருவது என்ற பேச்சு சீட் ஒதுக்கீடு வந்த பிறகுதான் எழுகிறது. அது மிகவும் தாமதம். ஏன் என்பது ஜோசாவின் விதியிலேயே இருக்கிறது.

முதல் சுற்றில் ஓர் இடம் கிடைத்ததும் ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். ஃப்ரீஸ் என்றால் கிடைத்ததே போதும். ஸ்லைடு என்றால் அதே கல்லூரிக்குள் பட்டியலில் மேலே உள்ள பிரிவுக்கு மாறத் தயார். ஃப்ளோட் என்றால் பட்டியலில் மேலே உள்ள எந்தக் கல்லூரிக்கும் மாறத் தயார். சிக்கல் ஃப்ளோட்டில் இருக்கிறது. அடுத்த சுற்றில் மேலே உள்ள இடம் காலியானால் கணினி உங்களைக் கேட்காமலே அங்கே மாற்றிவிடும். முன்பு கையில் இருந்த இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. வாரங்கல் எலக்ட்ரிக்கலுக்கு மேலே சில்சார் கம்ப்யூட்டர் சயின்ஸைச் சும்மா போட்டு வைத்தவர், மூன்றாவது சுற்றில் சில்சார் மாணவராகிவிடலாம். ஆகவே விதி ஒன்றே: கிடைத்தால் நிச்சயம் போவோம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட இடங்களை மட்டும், உண்மையான விருப்ப வரிசையில் எழுதுங்கள். போக மாட்டோம் என்று தெரிந்த ஊர் பட்டியலின் கடைசியில்கூட வேண்டாம்.

கிலோமீட்டரை விடுங்கள், மணி நேரத்தை எண்ணுங்கள்

உங்கள் வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து அல்ல. திருநெல்வேலிக்காரருக்கு சென்னை வருவதே ஓர் இரவு. அதே சமயம், ஆலப்புழை–தன்பாத் ரயில் தினமும் கோவை, ஈரோடு, சேலம் வழியாக ரூர்கேலாவுக்குப் போகிறது. எனவே ஈரோட்டு மாணவருக்கு ரூர்கேலா என்ஐடி வரைபடத்தில் தெரிவதைவிடப் பக்கம். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் உண்டு, வாரத்தில் சில நாட்களே. அந்த நாள் வாய்த்தால் ஹமிர்பூருக்கு சண்டிகரில் ஒரே ஒரு மாற்றம், பிறகு மலைப்பாதையில் பேருந்து. நாள் தவறினால் டெல்லி போய்ச் சுற்ற வேண்டும்.

ஒவ்வொரு ஊருக்கும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை இடத்தில் வண்டி மாற வேண்டும்? நேரடி ரயில் தினமும் ஓடுகிறதா, வாரம் ஒருமுறையா? வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று இரவு 10 மணிக்கு போன் வந்தால், மறுநாள் எத்தனை மணிக்கு வந்து சேர முடியும்? மூன்றாவதுதான் மிக முக்கியம். ஒரு மாற்றத்தில், ஓர் இரவில் வந்துவிடக்கூடிய ஊர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதைப் பக்கத்து ஊர் என்றே கொள்ளலாம். வாரங்கல், கோழிக்கோடு, ஆந்திர என்ஐடி இருக்கும் தாடேபள்ளிகூடம் மூன்றும் சென்னையிலிருந்து இப்படிப்பட்டவை. நாக்பூரும் போபாலும் ஏறக்குறைய ஒரு நாள் பயணம். நேரடி ரயில்கள் இருப்பதால் சிரமம் குறைவு.

வடகிழக்குக்கு வேறு கணக்கு. கோவையிலிருந்து சில்சாருக்கு வாரம் ஒருமுறை நேரடி ரயில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று நாள் அதிலேயே கழியும். விமானம் என்றால் கொல்கத்தா அல்லது குவாஹாட்டி வழி. சில்சாருக்கு ரயில் போகும் லும்டிங்–பதர்பூர் மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண்சரிவு வழக்கம். 2022 மே மாதம் நியூ ஹாஃப்லாங் நிலையமே சேற்றில் மூழ்கி, அந்தப் பாதையில் வாரக்கணக்கில் ரயில் ஓடவில்லை. செமஸ்டர் விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பும் ஜூலை, ஆகஸ்டும் மழைக்காலம்தான் என்பதை மறக்க வேண்டாம். திரும்பும் தேதியில் இரண்டு நாள் இடைவெளி வைத்தே டிக்கெட் எடுங்கள். அருணாசல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்கிலும் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு தேவை. மாணவருக்கு மட்டும் அல்ல, கொண்டுபோய் விடும் அப்பா அம்மாவுக்கும்தான். ஐஸ்வால் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம்: 2025 செப்டம்பரில் ஐஸ்வாலுக்கு அருகே உள்ள சாய்ராங் வரை ரயில் பாதை திறக்கப்பட்டுவிட்டது.

பணம்: கட்டணச் சலுகையையும் பயணத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

என்ஐடிகளில் பி.டெக். கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 62,500 ரூபாய். எட்டு செமஸ்டருக்கு 5 லட்சம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இது முழுத் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் மற்றவர்களுக்கும் முழுத் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, அதாவது நான்கு ஆண்டில் சுமார் 3.33 லட்சம் மிச்சம். இது கல்விக் கட்டணத்துக்கு மட்டும். விடுதி, மெஸ் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். வருமானச் சான்றிதழை இ-சேவை வழியாக முன்பே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

மறுபக்கம், முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் பலன்களும் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்கு. ஜோசா வழியாக வெளிமாநிலம் போனால் அவை கிடைக்காது. இந்த இழப்பையும் அதே தாளில் எழுத வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. தொலைவான ஊருக்கு மூன்றடுக்கு ஏசி, பேருந்து, சாப்பாடு சேர்த்து ஒரு வழிக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோனால் 16,000. அவசரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்துபோக 20,000. ஆண்டுக்கு 36,000, நான்கு ஆண்டில் 1.44 லட்சம். சேர்க்கைக்குப் பெற்றோர் கூடப் போய் வருவது தனி. ஓர் இரவில் சேரும் ஊருக்கு ஸ்லீப்பரில் வந்துபோக 2,000, ஆண்டுக்கு நான்கு முறை வந்தாலும் 8,000, நான்கு ஆண்டில் 32,000. அவசரத்துக்கும் அதே ரயில் போதும். உங்கள் ஊருக்கான உண்மையான கட்டணங்களை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

வித்தியாசம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வரலாம். அந்தத் தொகைக்காக மட்டும் நல்ல பிரிவை விடச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரே பிரிவு, ஏறக்குறைய ஒரே தரம் என்று இரண்டு கல்லூரிகள் இருந்தால் பக்கத்தில் இருப்பதே சரி. இரண்டு மாற்றமும் மலைப்பாதையும் உள்ள ஊருக்குப் போக வலுவான காரணம் வேண்டும். வேறெங்கும் கிடைக்காத பிரிவு ஒரு காரணம். கட்டணத் தள்ளுபடி மட்டும் காரணமாகாது, ஏனென்றால் அதே தள்ளுபடி பக்கத்து என்ஐடியிலும் உண்டு.

கல்விக் கடன் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் பயணச் செலவு வெளிநாட்டுப் படிப்புக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டுப் பயணம் கைக்காசுதான்.

தனியார் பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப்

'50 சதவீத ஸ்காலர்ஷிப், மூன்று நாளில் பணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்புக்கு உடனே பணம் அனுப்ப வேண்டாம். சலுகை நான்கு ஆண்டுக்குமா, முதல் ஆண்டுக்கு மட்டுமா? தொடர எத்தனை சிஜிபிஏ வேண்டும், ஓர் அரியர் விழுந்தால் ரத்தாகுமா? ஆண்டுதோறும் கட்டணம் ஏறினால் சலுகையும் ஏறுமா? பதில் மின்னஞ்சலில் எழுத்தாக வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒவ்வோர் ஆண்டும் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கான தேதியை அறிவிக்கிறது. அதற்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. இருந்தாலும் டி.சி. ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கல்லூரியில் அதைக் கொடுத்துவிட்டு, வேறு மாநிலத்தில் நேரில் சேர வேண்டிய நாளில் அது இல்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. முடிவாகும் வரை நகல்களை மட்டும் கொடுங்கள். ஜோசாவில் கிடைத்த என்ஐடி இடம் வேண்டாம் என்றால் கடைசிச் சுற்றுக்கு முன்பே முறையாக வித்ட்ரா செய்யுங்கள். சும்மா விட்டுவிட்டால் கட்டிய பணத்தை இழக்க நேரிடும்.

முதல் பயணமும் அதற்குப் பிந்தையதும்

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. கடைசிச் சுற்று முடிந்து கல்லூரியில் நேரில் சேர வேண்டிய தேதிக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது. அதனால் முதல் பயணத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போடும்போதும் முழு வெயிட்டிங்கில் இருந்தால் தானாகவே ரத்தாகும், ஏற முடியாது. இரண்டு ஊர்களுக்கு வாய்ப்பு என்றால் உத்தேசத் தேதியில் இரண்டுக்கும் முன்பே டிக்கெட் எடுத்து, வேண்டாததை முன்கூட்டியே ரத்து செய்வது மலிவு. ஸ்லீப்பரில் ஆளுக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 180 ரூபாயும் வரியும் பிடிப்பார்கள். தத்கல் முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடியாதவர் ஆன்லைனில் தத்கல் எடுக்க முடியாது. இதை ஜூன் மாதமே முடித்துவிடுங்கள்.

இரண்டு ரயில் மாறுகிறீர்கள் என்றால் முன்பதிவின்போதே இரண்டு பிஎன்ஆரையும் இணையுங்கள். பயணிகளின் பெயர் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், உடனே டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டு இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைத் திரும்பப் பெறலாம். இணைக்காத டிக்கெட்டுக்கு அந்த உரிமை இல்லை. நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் இருக்கட்டும். மலை ஊருக்குப் போவதானால் கடைசிப் பேருந்துக் கட்டம் பகலில் வருமாறு திட்டமிடுங்கள்.

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை சுமை இலவசம். விமானத்தில் பொதுவாகச் சரக்கில் 15 கிலோ, கையில் 7 கிலோ. மாணவர் கட்டணம் தேர்ந்தெடுத்தால் சில நிறுவனங்கள் 10 கிலோ கூடுதலாக அனுமதிக்கின்றன. மெத்தை, வாளி, தலையணையைச் சுமக்க வேண்டாம், அங்கேயே கிடைக்கும்.

கல்லூரியின் கல்வி நாட்காட்டி கைக்கு வந்ததும் டிசம்பர் விடுமுறைக்கான தேதியை எண்ணி, 60ஆவது நாள் காலை 8 மணிக்கே டிக்கெட் எடுங்கள். கடைசித் தேர்வன்று மாலை வண்டிக்கு எடுக்க வேண்டாம். தேர்வு அட்டவணை மாறினால் சிக்கல். ஒரு நாள் தள்ளி எடுங்கள். வடக்கில் பொங்கலுக்குத் தனி விடுமுறை எதிர்பார்க்க முடியாது. வடகிழக்கில் துர்கா பூஜை விடுமுறை கிடைக்கும், ஆனால் மூன்று நாள் ரயிலுக்கு அது போதாது.

விடுமுறைக்குச் சொந்த ஊர் வரும் மாணவர்களுக்கு ரயில்வேயில் கட்டணச் சலுகை இன்னும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 75 சதவீதம். கல்லூரி அலுவலகம் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தரும் படிவத்தோடு முன்பதிவு கவுன்டருக்கு நேரில் போக வேண்டும். ஆன்லைனிலும் தத்கலிலும் கிடையாது. படிவத்தில் சொந்த ஊர் என்று எழுதும் நிலையத்துக்குத்தான் சலுகை. எனவே சேர்க்கைப் படிவத்தில் வீட்டு முகவரி எழுதும்போதே அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரைச் சரியாக எழுதிவிடுங்கள்.