தாய் இருக்கையில் முட்டையைத் தொடாதீர்கள்: குஞ்சு காக்கும் பூச்சிகளை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய பூந்தொட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், ஈர மண்ணில் சிறு குழி பறித்து, வெள்ளை முட்டைக் குவியலின் மேல் கவிழ்ந்து கிடக்கும் கருப்புப் பூச்சி தென்படலாம். வால்முனையில் இடுக்கி இருந்தால் அது இடுக்கிவால் பூச்சி; இயர்விக் என்று தேடினால் படம் கிடைக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து வளர்க்க இதைவிட நல்ல பூச்சி எனக்குத் தெரியாது. தாய் முட்டையைக் காக்கும். பொரிந்த பிறகும் சில நாள் குஞ்சுகளோடு இருக்கும். ஆனால் பட்டுப்புழு வளர்த்த பழக்கத்தில் இதை வளர்த்தால் எல்லாம் பாழாகிவிடும். முட்டையைப் பார்த்துக்கொள்வது தாயின் வேலை. தாயைப் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் வேலை.

பலரும் முதலில் செய்யும் தவறு, பத்திரமாக இருக்கட்டும் என்று முட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவது. தாய் இல்லாத முட்டைகளில் எளிதில் பூஞ்சை பிடித்துவிடும். தாய் ஒவ்வொரு முட்டையாக வாயில் கவ்வி, உருட்டி, நக்கித் துடைத்து, மறுபடி குவியலில் வைக்கிறது. குவியல் சிதறினால் ஒன்றுவிடாமல் தேடிப் பொறுக்கிக்கொண்டு வரும். இந்த வேலையைத் தூரிகையாலும் மருந்தாலும் நாம் செய்ய முடியாது.

அடுத்தது, ஓயாமல் மூடியைத் திறப்பது. குழந்தைகளுக்கு ஆவல் இருக்கும், தப்பில்லை. ஆனால் வெளிச்சமும் அதிர்வும் தொடர்ந்தால், மிரண்ட தாய் தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும். குழி டப்பாவின் பக்கச் சுவரை ஒட்டி அமைந்தால் அங்கே வெளியே கருப்புக் காகிதம் ஒட்டுங்கள். பார்க்க வேண்டும்போது காகிதத்தை மெல்ல விலக்கி, சிவப்பு செல்லோபேன் தாள் சுற்றிய டார்ச்சால் ஒரு கணம் பார்த்தால் போதும்.

ஈரம் அடுத்த சிக்கல். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர்க் காற்று உலர்ந்துபோகும். டப்பா மண் நாம் நினைப்பதைவிட வேகமாகக் காயும். இந்த முட்டைகள் வளரும்போது ஈரத்தை உறிஞ்சிப் பருக்க வேண்டும் என்பதால் காய்ந்த மண் ஆகாது. அதற்காகக் குவியலின் மேலேயே தண்ணீர் தெளிப்பதும் கேடு. டப்பாவின் ஒரு மூலையில் மட்டும் நீர் விடுங்கள். தனக்கு ஏற்ற இடத்தைத் தாயே தேர்ந்துகொள்ளும். மண்ணைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

ஆண் பூச்சியை உள்ளேயே விட்டுவிடாதீர்கள், முட்டைகளுக்கு ஆபத்து. நம் பூந்தொட்டிகளில் கிடைக்கும், காலில் வளையக் கோடுள்ள, இறக்கையற்ற இனத்தில் ஆணின் வலப்பக்க இடுக்கி கூடுதலாக வளைந்திருக்கும். பெண்ணுக்கு இரண்டும் நேராக இருக்கும்.

குஞ்சுகள் பொரிந்து ஓரிரண்டு முறை தோலுரித்ததும் பிரித்துவிட வேண்டும். அதன்பின் தாயின் பாசம் வற்றிவிடும், பசியில் ஒன்றையொன்று தின்னும். ஜப்பானின் அனேகூரா ஹார்மாண்டி என்ற இனத்திலோ குஞ்சுகள் தாயையே தின்றுவிட்டுத்தான் கலைந்து போகின்றன. ஆகவே கேரட் துண்டு, மீன் தீவனத் துகள் போன்றவை எப்போதும் சிறிதளவு இருக்கட்டும். பூஞ்சை பிடிக்குமுன் மாற்றிவிடுங்கள்.

இப்படி முட்டை காக்கும் குளத்து நீர்ப்பூச்சி ஒன்றும் உண்டு; ஆங்கிலத்தில் ஜயன்ட் வாட்டர் பக் என்பார்கள். அதில் காவல் தந்தையுடையது: பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஏதோ ஒட்டுண்ணி என்று அவற்றைச் சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் முட்டைகள் பிழைக்காது. ஆண் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து உடலை ஏற்றி இறக்கி முட்டைகளுக்குக் காற்றூட்டும். அது பற்றி ஏற நீரிலிருந்து வெளியே நீளும் குச்சியோ செடியோ வேண்டும். குளோரின் கலந்த காவிரிக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள். கொசுப்புழு இதற்கு நல்ல இரை, ஆனால் தொட்டியில் வலைமூடி அவசியம். தின்னாமல் மிஞ்சிய புழு கொசுவாகிப் பறந்தால் டெங்குவுக்கு வழி. வெறுங்கையால் பிடிக்காதீர்கள், கடி கடுமையாக வலிக்கும்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, இரவில் அதே அறையில் கொசுவிரட்டி மெஷினைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். அதிலிருந்து வரும் பூச்சிமருந்து ஆவி கொசுவை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. கொசுவலை கட்டுங்கள், அல்லது டப்பாவை வேறு அறையில் வையுங்கள். அடுக்குமாடி வீடுகளில் பூச்சிமருந்து அடிக்க வருபவர்களிடம் அந்த அறையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வண்டுகளை இணையத்தில் வாங்கும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, அனுமதியின்றிப் பூச்சிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. உங்கள் பூந்தொட்டிப் பூச்சிகள் பெருகிவிட்டால், எடுத்த பூந்தொட்டியிலேயே திரும்ப விட்டுவிடலாம்.