சிலேத்தார் விமான நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது எப்படி?

சிங்கப்பூரின் பெரிய விமான நிலையமான சாங்கிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் ஜுவெல் அருவியைப் பார்ப்பார்கள், கடைகளைப் பார்ப்பார்கள். விமானம் எங்கோ கண்ணாடிக்கு அப்பால் நிற்கும். பள்ளிகளில் தாய்மொழிக்கென்று நடக்கும் தாய்மொழி இருவாரத்துக்கு இந்த ஆண்டு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது நான் சிலேத்தார் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். அங்கே ஓடுபாதை ஒன்றே ஒன்று, நீளம் 2 கிலோமீட்டருக்கும் குறைவு. வருவதெல்லாம் பெரும்பாலும் சின்ன விமானங்கள்: பயிற்சி விமானங்கள், தனியார் ஜெட்டுகள். விமானி கை அசைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியும்.

தொடக்கநிலை 4, 5 வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பை, பேருந்தில் தலை எண்ணுவது இதெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: உள்ளே விடக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள்

பயணிகள் முனையத்தின் பொதுப்பகுதிக்கு யாரும் போகலாம். 2018 நவம்பரில் திறந்த புதிய கட்டடம், சுத்தமாக இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. வேலிக்கு உள்ளே, விமானம் நிற்கும் பக்கம் போக முன் அனுமதி வேண்டும். அங்கே இயங்கும் ஓர் அமைப்பு உங்களை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டால்தான் அது கிடைக்கும். சிங்கப்பூர் இளையர் விமானக் கழகம் அங்கேதான் இருக்கிறது. அதுபோக விமானப் பராமரிப்பு நிறுவனங்கள் பல, நிலையத்தைச் சுற்றியுள்ள விண்வெளித் தொழிற்பூங்கா முழுக்கப் பரவிக் கிடக்கின்றன.

மின்னஞ்சலில் "தங்கள் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம்" என்று எழுதாதீர்கள். அதைப் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, ஓரமாக வைத்துவிடுவார். "ஒரு சிறு விமானம் கிளம்புவதற்கு முன் விமானி செய்யும் சோதனையை இத்தனை பிள்ளைகள் அரை மணி நேரம் நின்று பார்க்க முடியுமா?" என்று ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். பதில் வரும். குறைந்தது இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். அனுமதிச் சீட்டுக்குப் பெயர்ப் பட்டியல் கேட்பார்கள், கடைசி நேரத்தில் ஆளை மாற்றுவது பெரும்பாடு.

அனுமதி கிடைக்கவில்லையா? பரவாயில்லை. படி 3ஐ வேலிக்கு வெளியே பொது நடைபாதையில் நின்றே செய்யலாம். உண்மையில் அதுதான் இந்தப் பயணத்தின் உயிர்.

படி 2: நாள், நேரம்

காலை 9 மணி. பிற்பகல் வேண்டவே வேண்டாம், வெயிலும் இடிமழையும் சேர்ந்து வரும். காலையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பும் சூறைக்காற்று மழை, பள்ளி தொடங்கும் நேரத்தில் வந்து கொட்டிவிட்டுப் போகும். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெட்டவெளியில் நிற்க முடியாது. அதனால் கூரைக்கு அடியில் செய்யக்கூடிய ஒரு நடவடிக்கையைக் கையோடு வைத்திருங்கள்.

படி 3: காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இதுதான். எங்களுக்கு இடறிய இடமும் இதுதான். முன்னோட்டம் பார்க்க நாங்கள் போனது பிப்ரவரியில். விமானங்கள் தெற்கே ஜாலான் காயு பக்கமிருந்து தாழ்ந்து வந்து இறங்கின. அதை வைத்துப் பயிற்சித்தாள் அச்சடித்து, நிற்கும் இடமும் முடிவு செய்தாயிற்று. பிள்ளைகளோடு போனது ஜூலையில். ஒரு விமானம்கூட அந்தப் பக்கமாக வரவில்லை. எல்லாம் வடக்கே ஜோகூர் நீரிணைக்கு மேலாக வந்து, எங்களுக்கு எட்டாத அந்தக் கோடியில் இறங்கிக்கொண்டிருந்தன.

காரணம் பருவக்காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மரினா அணைக்கட்டில் பட்டம் விடும் பிள்ளைகளிடம் கேளுங்கள், காற்றை எதிர்த்து ஓடினால்தான் பட்டம் எழும்பும் என்று அவர்களே சொல்வார்கள். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குக் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குப் பக்கத்துக் காற்று. காற்று திரும்பினால் விமானம் வரும் பக்கமும் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் காலையில் ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம் என்று மாறவும் செய்யும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓடுபாதையிலேயே ஒரு புதிர் இருக்கிறது. சிலேத்தார் ஓடுபாதையின் ஒரு முனையில் 03 என்றும் மறுமுனையில் 21 என்றும் பெரிதாக வெள்ளையில் எழுதியிருக்கும். "இருப்பது ஒரே ஓடுபாதை, எதற்கு இரண்டு எண்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மூன்றாவது ஓடுபாதை என்பார்கள், 21 விமானம் நிறுத்தலாம் என்பார்கள். சிரித்து முடித்த பிறகு திசைகாட்டியைக் கையில் கொடுங்கள். வடக்கு 0 பாகை. அங்கிருந்து வலப்பக்கமாக 30 பாகை திரும்பினால் ஓடுபாதை ஒரு பக்கம் நோக்கும் திசை. கடைசிச் சுழியத்தை எடுத்துவிட்டால் 03. நேர் எதிர்த்திசை 210 பாகை, அதாவது 21. இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் 18தான் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். அந்தப் பிள்ளையையே அடுத்த கேள்வியைக் கேட்க விடுங்கள்: சாங்கி ஓடுபாதைகளின் எண் 02, 20. அவை சிலேத்தாருக்கு எவ்வளவு சாய்வு?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் நாள் இரவும் அன்று காலையும் சிலேத்தாரின் வானிலை அறிக்கையைப் பாருங்கள். விமானிகள் பார்க்கும் 'மெட்டார்' அறிக்கைதான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிலையத்தின் குறியீடு டபிள்யூஎஸ்எஸ்எல் (WSSL) என்று தேடுங்கள். அதில் ஐந்து இலக்க எண் ஒன்று வரும், எடுத்துக்காட்டாக 04008. முதல் மூன்று இலக்கம் திசை: 040 பாகை. அடுத்த இரண்டு வேகம்: 8 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று நேரம். அறிக்கையில் இருப்பது உலகப் பொது நேரம், நம்முடையதற்கு 8 மணி நேரம் பின்னால். 0100 என்றிருந்தால் இங்கே காலை 9 மணி. இன்னொன்று திசை. அந்த 040 காற்று போகும் திசை இல்லை, வரும் திசை. பிள்ளைகள் இதில் கட்டாயம் தடுமாறுவார்கள். வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து வருவது, விமானிகளுக்கும் அதே கணக்குதான் என்று சொன்னால் ஒரே நொடியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆக, 040 பாகைக் காற்று என்றால் விமானம் 03 பக்கமாக இறங்கும், அதாவது தெற்கிலிருந்து வரும். 190 பாகை என்றால் 21 பக்கம், வடக்கிலிருந்து வரும். பயிற்சித்தாளில் திசையை அச்சடிக்காதீர்கள். வெற்றுக் கோடு ஒன்று விட்டு, பேருந்தில் போகும்போது பிள்ளைகளே அம்புக்குறி போடட்டும். போய்ச் சேர்ந்ததும் முதல் விமானம் வந்து யார் சொன்னது சரி என்று காட்டிவிடும்.

படி 4: என்ன கொண்டுபோவது

தொலைநோக்கி: 8 மடங்கு போதும். 10 மடங்கு வாங்கினால் பிள்ளைகளின் கை நடுங்கி எதுவும் தெரியாது. நான்கு பேருக்கு ஒன்று.

திசைகாட்டி: தட்டையான பிளாஸ்டிக் வகைதான் என் கட்சி. கைப்பேசித் திசைகாட்டி இரும்பு வேலிக்குப் பக்கத்தில் போனதும் மனம்போன போக்கில் சுற்றும். பிளாஸ்டிக்கும் வேலி ஓரத்தில் தடுமாறும்தான், ஆனால் ஊசி ஆடுவது கண்ணுக்குத் தெரிவதால் பத்தடி தள்ளி நிற்கத் தோன்றும்.

பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலி: ஆசிரியர் கைப்பேசியில் மட்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் தலைக்கு மேல் போகும் விமானத்தைத் திரையில் பார்ப்பார்கள்.

பலூன், ஜிகினாத் தாள், காற்றில் பறக்கும் எதுவும் வேண்டாம். டிரோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றம்.

படி 5: உள்ளே போனதும்

மிட்டாய்த் தாள் கீழே விழக்கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்வார்கள். ஏன் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். 2000 ஜூலையில் பாரிஸில் கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். தொடக்கம் என்னவென்றால், முன்னால் கிளம்பிய விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த ஓர் உலோகப் பட்டை. முழங்கை நீளம்கூட இருக்காது. அதன்மேல் ஏறிய சக்கரம் வெடித்தது. பயமுறுத்தாமல், சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்புறம் ஒருவர் சட்டைப்பையிலிருந்தும் எதுவும் விழாது.

விமானி செய்யும் சோதனையில் எரிபொருள் பார்க்கும் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு சிறு குழாயில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இந்தச் சிறு விமானங்கள் பலவற்றுக்கு ஊற்றும் பெட்ரோல் வெளிர்நீலம். அடியில் நிறமில்லாத ஒரு குமிழ் நின்றால் அது தண்ணீர், எரிபொருளைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். அது இல்லாமல் போகும்வரை வடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, கிட்ட வராதீங்க" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்க, முன்வரிசைப் பையன் ஒருவன் இடுப்பில் கை வைத்துக் குனிந்து, விமானி குழாயை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் தானும் சாய்ந்துகொண்டிருந்தான்.

காத்திருக்கும் நேரத்துக்குப் பதிவெண் வேட்டை. விமானத்தின் பின்பக்கம் எழுதியிருக்கும் முதல் எழுத்துகள் எந்த நாடு என்று சொல்லும். 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, பிகே இந்தோனீசியா, விடி இந்தியா. தனியார் ஜெட்டுகளில் டி7 (T7) என்று பார்த்தால் அது சான் மரினோ. தோ பாயோ அளவுக்குக்கூட ஆள் இல்லாத அந்த நாட்டில் எதற்கு இத்தனை ஜெட் பதிவு என்று ஒரு பிள்ளை கேட்டால், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேள் என்று நழுவிவிடலாம்.

வரலாறும் கொஞ்சம் சொல்லலாம். பிரிட்டிஷ் விமானப்படை 1928இல் இங்கே தளம் அமைத்தது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்த ஏமி ஜான்சன் 1930இல் வழியில் இங்கே இறங்கினார். காலாங் விமான நிலையம் வந்தது 1937இல்தான். பேருந்துச் சன்னல் வழியே பேக்கர் ஸ்ட்ரீட், பிக்கடிலி என்று லண்டன் தெருப்பெயர்களாக வருவதும் அந்தப் படை விட்டுப்போனதுதான்.

படி 6: போக்குவரத்தும் சாப்பாடும்

ஹவ்காங்கிலிருந்து 102ஆம் எண் பேருந்து போகிறது. முன்னோட்டம் பார்க்க அது போதும், ஒரு வகுப்பையே ஏற்றிப்போகத் தனிப் பேருந்துதான். ஜாலான் காயுவில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும். முன்கூட்டியே சொல்லாமல் ஒரு வகுப்பைக் கூட்டிப்போனால் பள்ளிக்குத் திரும்பும் நேரம் தவறும். பொட்டலமாக வாங்கிப் பள்ளியில் சாப்பிட வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக. சத்தம் தாங்காத பிள்ளைகள் இருந்தால் பஞ்சு போதாது, காதை முழுதாக மூடும் கவசம் கொண்டுபோங்கள். விமானம் இயந்திரத்தை முடுக்கும் முன் விமானியிடம் ஒரு சைகை கேட்டு வாங்கிக்கொண்டால் மாட்டுவதற்கு நேரம் கிடைக்கும்.

காற்று வேகம் குறைவாக, 3 நாட் அளவில் இருந்தால் அறிக்கையில் திசைக்குப் பதிலாக விஆர்பி என்று வரலாம். 'மாறிக்கொண்டிருக்கிறது' என்று பொருள். அன்றைக்கு எந்தப் பக்கம் என்று கணிக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிக் காற்றுப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள், அது தொங்கிக்கொண்டிருக்கும். அம்புக்குறியை முதல் விமானம் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.