ஸ்கை தீவில் மூன்று நாள்: கிளம்பும் முன்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு மே மாதமே நல்லது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மிட்ஜ் எனும் பொடிக்கொசு மொய்க்கும். காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது, காற்று ஓய்ந்த மாலையில்தான் தொல்லை. முகத்துக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீயில் தங்கினால் வடக்கே ஸ்டோர், குவிராங் என்ற பாறைமலைகள் இரண்டும் பக்கம். ஸ்டோருக்குக் காலை எட்டுக்குள் போய்விடுங்கள், பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. குவிராங் நடைச்சுற்று சுமார் 7 கி.மீ., மூன்று மணி நேரம். பாறைச்சுவரின் அடிவழியாகப் போய் மேல்வழியாகத் திரும்புவது வழக்கம். மேகம் இறங்கியிருந்தால் மேலே ஏறாதீர்கள்: விளிம்பு தெரியாது, வேலியும் கிடையாது. அடிவழியில் வரும் ஊசிப்பாறை வரை போய் வந்தவழியே திரும்பினாலே பாதி அழகு கிடைத்துவிடும். தரை சதசதவென்று இருக்கும். கணுக்கால் மூடிய, நீர் புகாத பூட்ஸ் வேண்டும். குடை வீண், காற்றில் முறிந்துவிடும்.

உள்சாலைகள் பல ஒற்றைத் தடம்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். படமெடுக்க அங்கே வண்டியை நிறுத்தினால் உள்ளூர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். பெட்ரோலைத் தீவின் தெற்கே உள்ள பிராட்ஃபோர்டிலோ போர்ட்ரீயிலோ நிரப்பிவிடுங்கள்.