கடலோரச் சாலைக்கு ஏற்ற துணை விளக்கு: மோட்டார் சைக்கிளில் பொருத்தும் முறை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம் வரை கடைகளின் வெளிச்சம் ஓரளவு கைகொடுக்கும். கடலூரைக் கடந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் திரும்பினால், கரும்பு அரவைக் காலத்து இரவுகளில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் நெருங்கிய பிறகே கண்ணில் படும். மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் நேர் எதிரே உள்ள தார்ப்பரப்பை நன்றாகக் காட்டினாலும், இடது ஓரத்து மண்விளிம்பையும் அங்கே நடந்து வருபவரையும் போதிய அளவு காட்டுவதில்லை. துணை விளக்கு அந்தக் குறையைப் போக்குவதற்குரியது. ஹெட்லைட்டைவிடத் தொலைவுக்கு ஒளி பாய்ச்சும் கருவியாக அதைக் கருதி வாங்குவோர்தாம் எதிரே வருபவர்களின் கண்ணைக் கூசச் செய்கிறார்கள்.

ஆகவே விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது வாட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒளி எந்த வடிவில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக முடிந்து, பக்கவாட்டில் அகலமாகப் பரவும் ஃபாக் லேம்ப் வகையே நம் ஊர்ச் சாலைகளுக்குப் பொருந்தும். ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு அனுப்பும் ஸ்பாட் லைட்டை, பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி வாகனத்தின் முன்புறம் பொருத்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 111ஆம் விதி இடம் தருவதில்லை. மழையிலும் மார்கழிப் பனியிலும் மஞ்சள் ஒளி ஊடுருவிச் செல்லும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால், நிறத்தால் அங்கே பெரிய வேறுபாடு வருவதில்லை. விளக்கு தாழ்வாக இருப்பதும் ஒளி மேலே சிதறாமல் இருப்பதுமே உண்மையில் உதவுகின்றன. மஞ்சள் ஒளியில் கண் குறைவாகக் கூசுகிறது என்பதற்காக 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட மஞ்சள் விளக்கையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து மின்சாரக் கணக்கு. 20 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு சேர்ந்தால் 40 வாட். 12 வோல்ட்டில் அவை ஏறத்தாழ 3.3 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடாத நிலையில் 4 ஆம்பியர்-மணி பேட்டரியை இந்த இரண்டு விளக்குகளும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். விளக்குகளைப் பொருத்திய பின், எஞ்சினை ஓடவிட்டு எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். வண்டி ஓடும் வேகத்துக்கு ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால், அந்த வண்டியின் சார்ஜிங் அமைப்பால் இந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை என்று பொருள்; குறைந்த வாட் விளக்குக்கு மாறுவதே முறை.

பொருத்தும் இடமாகப் பெரும்பாலோர் கிராஷ் கார்டைத்தான் (வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் முன்புறக் கம்பி) தேர்ந்தெடுக்கிறார்கள். விளக்கு தாழ்வாக நிற்பதால் அது நல்ல தேர்வே. கிளாம்பின் உட்புறம் ரப்பர் பட்டை வைத்து இறுக்கி, அதிர்வில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட் போட வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், முன்சஸ்பென்ஷனை அழுத்தியும், விளக்கு எதிலும் இடிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் அல்லது ஆயில் கூலரின் முன்னே காற்றை மறைக்கும்படியோ, இண்டிகேட்டரை மறைக்கும்படியோ அது அமையக் கூடாது. சேஸிஸில் எந்தக் காரணத்துக்காகவும் துளை போட வேண்டாம்.

வயரிங்தான் இந்த வேலையின் உயிர்நாடி. ஹெட்லைட் வயரிலிருந்தே நேரடியாக இணைப்பு எடுத்துத் தருவது கடைகளில் வழக்கமாக இருக்கிறது. அந்த வயரும் சுவிட்சும் ஹெட்லைட்டின் சுமைக்கு மட்டுமே கணக்கிடப்பட்டவை என்பதால், கூடுதல் சுமையில் அவை சூடேறி உருகும். ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்தால், விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரே செல்லும். கைப்பிடியில் உள்ள சுவிட்ச் வழியாகச் செல்வது ரிலேயை இயக்குவதற்கான சிறு மின்சாரம் மட்டுமே. வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்து, அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் குறித்த முனைக்கு வயர் கொண்டு செல்ல வேண்டும். 87ஆம் முனையிலிருந்து இரு விளக்குகளின் பாசிட்டிவுக்கும், 86ஆம் முனையிலிருந்து சுவிட்சுக்கும், 85ஆம் முனையிலிருந்து நெகட்டிவுக்கும் வயர் செல்லும். முதன்மை வயர்கள் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருந்தால் இந்தச் சுமைக்குப் போதும். விளக்குகளின் நெகட்டிவை அருகிலுள்ள ஏதாவது ஒரு போல்ட்டில் கட்டாமல், பேட்டரி நெகட்டிவ் வரை தனி வயராகக் கொண்டுவருவதே நல்லது, ஏனெனில் பெயின்ட்டும் துருவும் அந்த இணைப்பைச் சில மாதங்களில் கெடுத்துவிடும்.

சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் சுவிட்சை அணைக்க மறந்தாலும் பேட்டரி தீராது. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் ஏசி (திசை மாறி மாறிப் பாயும்) மின்சாரத்தில் எரிகிறது. அந்த வயரை ரிலேயுடன் இணைத்தால் ரிலே படபடவென்று அதிர்ந்து கெடும். பிரேக் லைட் சுவிட்சுக்கு வரும் வயர் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) என்பதால், அத்தகைய வண்டிகளில் அதிலிருந்து எடுக்கலாம். முதலில் மல்டிமீட்டரில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து வரும் உப்புக்காற்று இந்தப் பகுதியில் எந்த இணைப்பையும் விட்டுவைப்பதில்லை. இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டாது. செம்பு பச்சை பூத்து, விளக்கு ஒரு பக்கம் மங்கத் தொடங்கும். லக் (வயர் முனையில் மாட்டும் உலோக முனை) வைத்து, கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். ஈயப்பற்று மட்டும் வைத்த இணைப்பு, பற்று முடியும் இடத்தில் அதிர்வால் ஒடிந்துவிடக்கூடும். வயர் விளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும்போது இடையே கிரீஸ் தடவுவதும் நைலான் வாஷர் வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்து, போல்ட்டைக் கழற்ற முடியாமல் ஆக்கிவிடும். ஐபி67 (தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் தரம்) என்று குறித்த விளக்கு 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்துடன் பீய்ச்சும் நீருக்கு அந்தத் தரம் உறுதி அளிப்பதில்லை. எனவே பைப்பை விளக்கின் விளிம்பில் நேராகக் காட்ட வேண்டாமென்று அங்கே சொல்லிவிடுங்கள்.

ஒளியின் கோணத்தைச் சரிசெய்யும் வேலைக்கு ஒரு மாலை நேரத்தை முழுவதுமாக ஒதுக்குங்கள். சமதரையில், டயர்களில் சரியான காற்றுடன், சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். வழக்கமாகப் பின்னால் ஒருவர் அமர்வாரெனில் அவரையும் அமர்த்திக்கொள்ளுங்கள். பின்பாரம் கூடினால் முன்விளக்கு மேல்நோக்கும். விளக்கின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் ஒளியின் மேல்விளிம்பு 48 சென்டிமீட்டரில் விழ வேண்டும். அவ்வாறு அமைந்தால் ஒளி சுமார் 40 மீட்டரில் தரையைத் தொடும். எதிரே வருபவர் நம் வலப்புறம் வருகிறார் என்பதால், இரு விளக்குகளையும் சற்றே இடப்புறம் திருப்பி, இடது விளக்கு சாலையோரத்தில் விழும்படி வையுங்கள். பிறகு நண்பர் ஒருவரை 8 மீட்டர் முன்னே, வண்டியின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி நிற்கச் செய்து, கண் கூசுகிறதா என்று கேளுங்கள். அதே மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதி குறிப்பிடும் அளவுகள் இவையே. அவருக்குக் கூசினால் சுவரில் எந்த அளவு வந்திருந்தாலும் விளக்கை இன்னும் தாழ்த்துங்கள். மிதிவண்டியில் எதிரே வரும் முதியவர் அந்த ஒரு நொடியில் சாலை விளிம்பைத் தவறவிடக்கூடும்.

ஊருக்குள் தெருவிளக்கு இருக்கும் இடங்களில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பொருத்திய பின் முதல் வாரத்தில் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஃபியூஸையும் ரிலேயின் முனைகளையும் கழற்றித் துடைத்து, பச்சை பூத்திருந்தால் அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதியது போடுங்கள்.