சின்னப் பிள்ளைகளுக்குத் தாளமும் சுரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளைக்கு ஆறு வயதானால் ஒரு பேச்சு எழும்: பாட்டா, மிருதங்கமா, கீபோர்டா? பேச்சு முடிவதற்குள் வாத்தியம் வீட்டுக்கு வந்துவிடும். முதல் தவறு அங்கேதான். வாய்க்கு வராதது கைக்கும் வராது. தகிட, தகதிமி, தகதகிட என்று மூன்று, நான்கு, ஐந்து எண்ணிக்கைச் சொற்கட்டுகளை நடந்துகொண்டும் தொடையில் தட்டிக்கொண்டும் சில மாதம் சொல்லட்டும். கணபதி ஊர்வலத்தில் டோல் தாஷா மேளச் சத்தம் கேட்டால் பிள்ளையின் கால் தானாக ஆடுகிறதே, அந்தக் காலிலிருந்துதான் தாளம் தொடங்க வேண்டும்.

ஆதி தாளத்தை முதல் நாளே முழுதாகக் கொடுப்பவர்கள் உண்டு. எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை: லகு என்ற முதல் பகுதிக்கு ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், அப்புறம் த்ருதம் என்ற இரண்டு சிறு பகுதிகளுக்குத் தட்டும் வீச்சும் (கையைத் திருப்பிப் போடுவது) இரண்டு முறை. சுண்டுவிரலுக்கு அடுத்து மோதிர விரல் வரும்போது பல பிள்ளைகளுக்கு அது தனியாக மடங்காது. விரலைப் பார்த்துக்கொண்டே பாட்டைத் தொலைத்துவிடுவார்கள். முதலில் எட்டும் வெறும் தட்டாக இருந்தால் குடிமுழுகிப் போகாது. பிள்ளையின் கையைப் பிடித்து நாமே தட்டுவதும் வேண்டாம். அப்போது தாளம் போடுவது நாம்தான், பிள்ளை இல்லை.

மெதுவாகப் பாடினால் சுலபம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். சின்னவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. இரண்டு தட்டுக்கு நடுவில் நேரம் நீண்டால் காத்திருக்க முடியாமல் முந்திவிடுவார்கள். அவர்கள் நடக்கும் வேகத்தில் ஆரம்பியுங்கள். இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், வரும்போது இன்னொரு குழப்பம்: பாட்டோடு கையும் வேகமெடுக்கும். இதை விளக்கிப் புரியவைக்க முடியாது. அறையில் ஒரே சீராக நடக்கச் சொல்லுங்கள். முதலில் ஓர் அடிக்கு ஒரு சுரம், பிறகு அதே அடிக்கு இரண்டு சுரம். கால் மாறவில்லை, வாய்தான் மாறியது என்று உடம்பே புரிந்துகொள்ளும்.

சுரத்தில் வரும் சிக்கல் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பள்ளியில் ஹார்மோனியத்தோடு 'சா ரே க ம' பாடியிருப்பார்கள். அது இந்துஸ்தானி இசையின் பிலாவல், நம் கர்நாடக இசையில் சங்கராபரண ராகத்தின் சுரங்கள். சாயங்காலம் பாட்டு மாமியிடம் சரளி வரிசை என்ற முதல் சுரப் பயிற்சி மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கும். புரந்தரதாசர் வகுத்த வழி என்று சொல்லப்படும் பாடமுறை அது. இரண்டிலும் க, ம, ப, நி ஒன்றேதான். ரியும் தவும் மட்டும் அரைச் சுரம் கீழே இறங்குகின்றன. பள்ளியில் கேட்ட ரியைப் பிள்ளை இங்கே பாடினால், உடனே 'அபசுரம்!' என்று அதட்டுவது அநியாயம். காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இரண்டு ரியையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டி, எது எது என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் விளையாட்டாகவே பிடிபட்டுவிடும்.

சுருதியை, அதாவது 'ச' நிற்கும் உயரத்தை, ஆசிரியரின் வசதிக்கு வைப்பதும் வழக்கமாக நடக்கிறது. ஆண் ஆசிரியர் தம் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும்) பாடினால், பிள்ளை எட்டாத கீழ் சுரத்துக்குத் தொண்டையை அமுக்கும். ஐந்து, ஐந்தரை கட்டையில் முயன்று பாருங்கள். பிள்ளை கத்தாமல், முனகாமல் பாடும் இடம்தான் அதன் சுருதி.

பள்ளி வகுப்பில் தாள வாத்தியம் என்றால் பிரச்சினை வேறு. ஜால்ரா, கஞ்சிரா, மணி எல்லாவற்றையும் எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு 'கவனியுங்கள்' என்றால் யார் கவனிப்பார்கள்? எப்படி வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்று முதலில் வெறுங்கையால் செய்ய வையுங்கள், வாத்தியம் அப்புறம். பாதிப் பேர் வாசிக்க, பாதிப் பேர் தாளம் போடட்டும். சைலஃபோனில் பட்டைகளைக் கழற்ற முடியுமானால், அன்றைய பாடத்துக்கு வேண்டிய மூன்று நான்கை மட்டும் விட்டுவைத்து மற்றதை எடுத்துவிடுங்கள்.

மிருதங்கம் வாங்கும் நேரம் வந்தால் மடிக்கு அடங்கும் சின்ன அளவாக, பாடும் சுருதிக்கு ஏற்றதாக வாங்குங்கள். மழைக்காலத்து ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அன்று நாதம் சரியாக வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்லி ஓங்கி அடிக்க வைக்காதீர்கள். விரல் வலிக்கும், அடித்த அடியும் கெட்டுப்போகும்.